புல்லட் வாங்கியவரின் முதல் பாடம்

1955-ஆம் வருஷத்தில், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனமும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் புல்லட் வண்டிகளைத் தயாரிக்க முற்பட்ட அந்நாட்களில், புது வண்டிக்கு உடையவரானவர் மாலை சாற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜையைச் சுலபமாக முடித்துவிடலாம். எஞ்சினைக் கிளப்புவதோ தனி வித்தை.

அம்மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸர் பிடியைப் பிடித்துப் பிஸ்டனை உச்சி கடத்தி, பிடியை விட்டபின் முழு பலத்தோடு ஒரே உதையாக உதைக்கவேண்டும். அவசரக்காரர்களின் கணுக்காலைக் கிக்கர் திருப்பி உதைத்துத் தக்கபடி உபசரிக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்.

உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று இழைந்து பழகும்வரை முதல் சில நூறு மைல்களை நிதானமாக ஓட்டி, உலோகத் துகள் கலந்த ஆரம்ப எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் வார்ப்பது சம்பிரதாயம். வாலிபர்களுக்கு அது கசந்தது வாஸ்தவமே எனினும், அந்தப் பொறுமையே எஞ்சினுக்கு ஆயுள் தந்தது என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் உற்பத்தி 1970-இல் நின்றுபோயிற்று; 1977 முதல் சென்னைப் புல்லட்டுகள் அந்நாட்டுக்கே ஏற்றுமதியாயின.