முல்லைத்தீவில் டைனமோ வானொலி

1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையினால் மின்சாரமும் பற்றரியும் வன்னி மாந்தருக்கு அரிய வஸ்துக்களாகிவிட்ட காலத்திலே, முல்லைத்தீவுக் கிராமங்களில் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, அதன் டைனமோ ஈன்ற மின்சாரத்தைக் கொண்டு லண்டன் தமிழோசையைச் செவிமடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. அச்சிறு யந்திரத்தின் உயிர்நிலை காந்தத்தைச் சூழ்ந்த செப்புக் கம்பிச் சுருளே. மின்கடத்துதிறனில் முதன்மை வெள்ளிக்கே உரியது. 1913 இல் சர்வதேச நியமமாக வகுக்கப்பெற்ற செம்பை 100 எனக் கொண்டால், வெள்ளி ஏறத்தாழ 106, அலுமினியம் 61. ஆயினும் வெள்ளியினும் மிக மலிவான செம்பே சுருளாயிற்று. 6 வோல்ட் அளவினதாய்த் திசைமாறி ஓடும் அம்மின்சாரத்தை டையோடினால் நேராக்கி வானொலிக்கு ஊட்டியோரின் விவேகத்தை, பௌதிக சாஸ்திரத்தின் உயர்ந்த பயிற்சியாகவே நான் மதிக்கிறேன். 2002 இல் ஏ-9 பாதை திறந்து பற்றரிகள் வரவே, அவ்வழக்கம் குன்றியது.