திருவள்ளூரில் எழுந்த வினா

காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியின் ஆற்றலை அளந்தறியப் பெருஞ்சோதனை நடந்த இடம் நம் திருவள்ளூர்ப் பகுதியாகும். அந்நாளில் அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1968ஆம் ஆண்டில் தொடங்கிய அச்சோதனையில் ஏறத்தாழ 2,60,000 மக்கள் ஊசி போட்டுக்கொண்டனர். ஒரு பகுதியினர்க்கு மருந்தில்லாத வெற்று ஊசியே போடப்பட்டது. பின்னர் 15 ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று நோயைத் தேடினர். அத்துணைப் பொறுமையான உழைப்பை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

1979ஆம் ஆண்டின் முதல் அறிக்கை பலரைத் திகைக்கச் செய்தது. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளை நன்கு காத்த ஊசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்கவில்லை. (குழந்தைகளின் மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காசநோய்களை அது தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.)

காரணம் யாது? மண்ணிலும் நீரிலும் வாழும் ஒத்த கிருமிகள் முன்னரே உடலைப் பழக்கியிருக்கலாம் என்பர். பரம்பரையையும் சிலர் ஆராய்ந்தனர். கிருமியின் துணுக்குகளை வெள்ளணுக்களுக்கு எடுத்துக் காட்டும் புரதங்கள் எச்.எல்.ஏ. எனப்படும், அவை மனிதர்க்கு மனிதர் வேறுபடும். 1936இல் லண்டனில் கோரர் சுண்டெலியிலும், 1958இல் பாரிசில் டோசே மனிதரிலும் இத்தகையவற்றைக் கண்டனர். 1990களில் மதுரையிலும் சென்னையிலும் நடந்த ஆய்வுகள், டி.ஆர்.2 என்னும் வகை காசநோயாளரிடம் மிகுந்திருப்பதைக் காட்டின. அவ்வகையுடையோர் யாவரும் நோயுறுவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

மனிதரை நோய்க்கு உட்படுத்திப் பார்க்க இயலாது. எனவே சுண்டெலியின் கருவுற்ற முட்டைக்குள் மனித எச்.எல்.ஏ. மரபணுவை நுண்ணிய ஊசியால் செலுத்தினர். பிறக்கும் குட்டியின் அணுக்கள் மனித அணுக்களைப் போலவே துணுக்குகளைக் காட்டும். எலியின் சொந்த மரபணுவை நீக்கிவிட்டால் குழப்பம் மேலும் குறையும். இத்தகைய எலிகள் 1980களில் தோன்றின. திருவள்ளூர் முடிவே அவற்றைப் படைக்கத் தூண்டிற்று என்று கொள்ள வேண்டா. அவை பல நோய்களை ஆராய எழுந்தவை. ஆயினும் காசநோய்க்கும் பயன்பட்டன. 2000ஆம் ஆண்டில் ஹாலந்து ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, காசக் கிருமியின் ஒரு புரதத்தில் அவ்வெலிகள் இனங்கண்ட முக்கியத் துணுக்குகளை மனித வெள்ளணுக்களும் இனங்கண்டன.

எலியிடம் ஓரிரு மனித மரபணுக்களே உள்ளன. ஒரே சிற்றூரின் மக்களிடமோ எத்தனையோ வகைகள். எலியின் நுரையீரலும் நம்முடையதைப் போல் நோயுறுவதில்லை. ஆகவே எலியில் வென்ற புதிய ஊசியும், மனிதர் நடுவே நீண்ட சோதனைக்கு வந்தே ஆகவேண்டும்.