நீரேரியின் ஓரம் வரை: செய்தி வலையும் வன்னிக் கரையோரமும்

செய்தித் தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தலைநகரங்களிலிருந்தே தொடங்குவர். முதற் கம்பி எங்கிருந்து எங்குச் சென்றது, முதல் நிலையத்தைத் திறந்து வைத்தவர் யார் என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்களாகின்றன. கம்பி எங்கே நின்றுவிட்டது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவை எழுப்புவதற்குக் கொக்கிளாய் மிகப் பொருத்தமான இடமாகும். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், நீரேரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து அமைந்துள்ள மீனவர் ஊர் அது. தெற்கே, நீருக்கு அப்பால், கனிய மணலுக்குப் பேர்பெற்ற புல்மோட்டை; வடக்கே கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில் என முல்லைத்தீவுப் பட்டினம் வரை நீளும் கரையோர ஊர்கள். நீரேரி 1951ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. முகத்துவாரம் நீண்டகாலம் பாலமின்றி இருந்தமையால், வடக்கிலிருந்து வருவோனுக்குக் கொக்கிளாய் ஒரு பாதையின் முடிவாகவே விளங்கியது. பாதை முடியுமிடத்தில் கம்பியும் முடிவது இயல்பே.

இலங்கையில் தந்திக் கம்பியின் முதற் பயணம் பொருளாதாரத் தேவையின் வழியே அமைந்தது. ஐரோப்பியத் தபாற் கப்பல்கள் அக்காலத்தில் காலித் துறைமுகத்தையே அடைந்தன. அவை கொணர்ந்த செய்திகளைக் கொழும்புக்கு விரைந்து சேர்ப்பதற்கு ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை புறாக்களைப் பயன்படுத்தி வந்தது. 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தித் தொடர்பு ஏற்பட்டதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. பின்னர்க் கண்டியும் மன்னார் வழியாக இந்தியாவும் இணைக்கப்பட்டன. துறைமுகம், கோப்பித் தோட்டம், பேரரசின் நிருவாகம் ஆகிய மூன்றுமே அக்கம்பிகளின் திசையை வகுத்தன. மீன் பிடிப்போனும் தினை விதைப்போனும் தந்தியின் பயனாளராக எண்ணப்படவில்லை.

தந்தியை அடுத்து வந்த தொலைபேசிப் பரிமாற்று நிலையங்களும் இந்நிலையைப் பெரிதும் மாற்றவில்லை. அதற்கான காரணம் ஆட்சியாளரின் மனப்பாங்கு மட்டுமன்று. கருவியின் இயல்பும் ஒரு காரணமாகும். அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர் என்பார் 1891இல் உரிமம் பெற்ற தன்னியக்கப் பரிமாற்றுக் கருவி, அசையும் உலோக உறுப்புகளால் ஆனது. அதற்குத் தூசியற்ற அறையும் இடையறாத மின்சாரமும் நாள்தோறும் துடைத்துச் சீர்செய்யும் தொழிலாளரும் வேண்டும். ஆயிரக்கணக்கான இணைப்புகள் உள்ள நகரத்தில் இச்செலவைத் தாங்கலாம். ஐம்பது வீடுகள் உள்ள ஊரில் எவர் தாங்குவர்? ஆகவே கிராமத்துக்குத் தொலைபேசி செல்வதாயின், அஞ்சலகத்தில் ஒரு தனிக் கருவியாகவே அது சென்றது.

இத்தடையை உடைத்தது எண்முறை இலத்திரனியலாகும். மனிதக் குரலை ஒரு செக்கனுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இலக்கங்களாக மாற்றி அனுப்பினால், குரல் செக்கனுக்கு 64,000 இலக்கங்களின் ஓட்டமாகின்றது. அவ்வாறு மாறியபின் குரலுக்கும் கணினித் தரவுக்கும் கம்பியின் பார்வையில் வேறுபாடில்லை. கணினிகளை இணைக்கும் முயற்சியும் ஏறத்தாழ இதே காலத்திலேயே முளைவிட்டது. 1969 ஆகஸ்ட் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியளவான ஓர் இயந்திரம் வந்திறங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி அதன் வழியாக முதற் செய்தி மற்றொரு கணினிக்கு அனுப்பப்பட்டது. பின்னாளில் இணையமாக வளர்ந்த வலையின் முதற் கணு அதுவே.

எனினும், கொக்கிளாயை ஒத்த ஊர்களின் நோக்கில், 1986ஆம் ஆண்டு கர்நாடகத்துக் கித்தூரில் நிறுவப்பட்ட ஒரு சிறு பெட்டி அதனினும் முக்கியமானது எனலாம். இந்திய அரசு 1984 ஆகஸ்டில் ‘சி-டொட்’ என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு நிலையத்தை நிறுவி, 36 மாதத்தில் 36 கோடி ரூபாச் செலவில் உள்நாட்டுப் பரிமாற்றுக் கருவிகளை உருவாக்குமாறு பணித்தது. அம்முயற்சியின் உந்துசக்தியாக விளங்கியவர் சாம் பித்ரோடா. அதற்கு முன்னர் ஐரோப்பாவிலிருந்து பெறப்பட்ட குறுக்குச் சட்டப் பரிமாற்று நிலையங்கள், இந்திய நகரங்களில் ஒரு கம்பியைப் பலர் இடைவிடாது பயன்படுத்தும் வழக்கத்தைத் தாங்கமாட்டாது திணறியிருந்தன. கருவி ஒரு சமூகத்தின் பழக்கத்தை எண்ணி அமைக்கப்படுவது; வேறொரு சமூகத்தில் அதை நட்டால் வேர் பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அவ்வனுபவம் உணர்த்தியிருந்தது. சி-டொட் பொறியியலாளர் ஊரிலிருந்தே தொடங்கினர். 128 முனைகள் கொண்ட அவர்களது கிராமியப் பரிமாற்றுப் பெட்டிக்குக் குளிரூட்டப்பட்ட அறை தேவையில்லை. வெப்பத்தையும் புழுதியையும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் தாங்குமாறு அது வடிவமைக்கப்பட்டது.

இப்பெட்டியின் உயிர்நாடி அதன் அடுக்கு முறையிலேயே உள்ளது. ஒரு சட்டகத்தில் நிலைக்குத்தாகப் பல பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் செருகத்தக்க ஓர் அட்டை. மின்வழங்கலுக்கு ஓர் அட்டை, கட்டுப்பாட்டுக்கு மற்றொன்று, அது பழுதானால் பொறுப்பேற்க அதன் இணை, எஞ்சியவை சந்தாதாரர் கம்பிகளுக்கானவை. ஊர் வளர்ந்தால் ஓர் அட்டை கூட்டலாம். இன்றைய பெருந்தரவு ஆளிகளும் வழிப்படுத்திகளும் இதே தத்துவத்திலேயே அமைந்துள்ளன. அவற்றின் முகப்பில் விரலளவான ஒளியியல் செருகிகள் சேர்ந்துள்ளமையே கண்ணுக்குத் தெரியும் பெரிய மாற்றமாகும்.

நிறுவும் வேலையைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது. அது மண்ணில் தொடங்குகின்றது. முதலிற் செய்யவேண்டியது புவித்தொடுப்பு. குழி தோண்டிச் செப்புத் தகட்டைக் கரியும் உப்பும் இட்டுப் புதைத்து, அதிலிருந்து தடித்த கம்பியைச் சட்டகத்துக்குக் கொணர்வர். மின்னல் மிகுந்த நாட்டில் இதில் காட்டும் அலட்சியம் முதல் மாரியிலேயே வெளிப்பட்டுவிடும். அடுத்து 48 வோல்ற்று மின்கலவடுக்கு. அதன் நேர்முனையையே நிலத்தோடு இணைப்பர். நிலத்தடிச் செப்புக் கம்பி மின்பகுப்பால் அரிக்கப்படுவதைத் தவிர்ப்பதற்குத் தந்திக்காலத்தவர் கண்ட வழி இது. பின்னர் சட்டகம் நிமிர்த்தப்படும். அட்டையைத் தொடுமுன் மணிக்கட்டில் புவித்தொடுப்புப் பட்டி அணிய வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்னின் சிறு பொறியே நுண்சுற்றைக் கெடுத்துவிடும். ஒளியியல் நார் பொருத்துவோர் அதன் முனையை ஒவ்வொரு தடவையும் துடைத்து உருப்பெருக்கியாற் பார்ப்பர். ஒளி செல்லும் உள்ளகம் மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கிலும் குறுகியது. ஒரு தூசு அதனை மறைக்கப் போதும். இவ்வளவும் முடிந்தபின் பழுது ஏற்பட்டால், செய்யவேண்டியது எளிது: விளக்கு எந்த அட்டையைச் சுட்டுகின்றதோ அதனை இழுத்தெடுத்து மாற்றட்டையைச் செருகிப் பழையதை நகருக்கு அனுப்புதல். பொறியியலாளன் ஊரில் இருக்க வேண்டியதில்லை. பொறுப்புணர்ந்த ஒருவர் இருந்தாற் போதுமானது. அவருக்கு மாற்றட்டை வந்து சேர ஒரு பாதையும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்வழி மேலும் நீண்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் 1990களில் உருவாக்கிய ‘கோர்டெக்ட்’ முறை, கடைசிக் கம்பியையே நீக்கி, ஏறத்தாழ 10 கிலோமீற்றர் சுற்றுவட்டத்துக்கு வானொலி அலைவழியே குரலையும் தரவையும் ஒருங்கே கொண்டுசென்றது. மதுரையை அடுத்த மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் 2001 முதல் இணைய நிலையங்கள் அதன் மூலம் இயங்கின. புதுச்சேரிப் பகுதியில் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராம அறிவு மையங்கள் இன்னும் எளிய கருவிகளைக் கொண்டவை. வில்லியனூரை நடுவாகக் கொண்டு, தொலைபேசிக் கம்பி நம்பத்தகாத ஊர்களுக்கு இருவழி வானொலியும், மின்சாரம் நம்பத்தகாத ஊர்களுக்குச் சூரியத் தகடும் பொருத்தப்பட்டன. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து பெறப்பட்ட அலையுயர முன்னறிவிப்பு தமிழில் ஒலிப்பதிவாகி ஒலிபெருக்கி வழியாகக் கரையெங்கும் கேட்டது. உலகின் மிகச் சிக்கலான வலையின் இறுதி உறுப்பு ஓர் ஒலிபெருக்கி!

அதன் பெறுமதி 2004 டிசம்பர் 26ஆம் திகதி தெரியவந்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரிற் பணிபுரிந்தார். சுமாத்திராவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தைச் செய்தியில் அறிந்து அவர் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஊரார் அறிவு மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் கரையிலிருந்து அகற்றினர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர்.

அதே கடலின் மறுகரையில் முல்லைத்தீவு கிடந்தது. நிலநடுக்கம் நிகழ்ந்து கால் மணி நேரத்துக்குள் ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் அதனைக் குறித்து முதல் அறிக்கையை வெளியிட்டிருந்தது. இந்து சமுத்திரத்தில் பேரலை எழக்கூடும் என்பது அதில் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருப்பினும் அதனைப் பெற்றுக் கரையில் உரத்துச் சொல்ல இங்கு எதுவும் இருக்கவில்லை. நிலநடுக்கத்துக்கும் அலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கியதற்கும் இடையில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான அவகாசம் இருந்தது. அவ்வளவு நேரமும் கரையில் ஞாயிற்றுக்கிழமைக் காலை வழமைபோலவே கழிந்தது. முல்லைத்தீவுக் கரையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

வலை ஏன் அங்கு இருக்கவில்லை என்ற வினாவுக்கு, ஊரே ஏன் இருக்கவில்லை என்பதிலிருந்து விடை தேட வேண்டியுள்ளது. 1984 டிசம்பரில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் இருந்த சிங்கள மீனவர் குடியிருப்புகள் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டன. அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் படை நடவடிக்கைகளால் வெளியேற நேர்ந்தது. சி-டொட் தொடங்கிய ஆண்டும் கொக்கிளாய் வெறுமையுற்ற ஆண்டும் ஒன்றே என்பது தற்செயலேயாயினும் கருதத்தக்கது. பாக்கு நீரிணைக்கு அப்பால் ஊர்களுக்கான பெட்டி வளர்ந்த காலம் முழுவதும், இப்பால் அதனை வைப்பதற்கு ஊர் இருக்கவில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1990இல் நாட்டின் பல்கலைக்கழக மின்னஞ்சல் சேவை தொடங்கியபோது, வடக்கில் மீண்டும் போர் மூண்டிருந்தது. அடுத்துவந்த தசாப்தத்தில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி மின்சாரமும் தொலைபேசியுமின்றியே வாழ்ந்தது. கம்பங்கள் காவலரண்களுக்குப் போயின என்று சொல்வோர் உண்டு. எவ்வாறாயினும், செப்புக் கம்பியின் காலம் வன்னிக்கு வந்து முடிந்தது என்று கூறுதல் பொருந்தாது; பெரும்பாலான ஊர்களுக்கு அது வரவேயில்லை.

2009இல் போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே கொக்கிளாய்ப் பகுதி மக்கள் மீளத் திரும்பத் தொடங்கினர். அப்போது அவர்களை எதிர்கொண்டது கம்பியற்ற வலை. வன்னியெங்கும் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. ஒளியியல் நார் ஏ9 பாதையைத் தழுவி வடக்கே சென்றது. கிளைப்பாதைகளின் ஓரங்களுக்குக் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குத் தாவும் நுண்ணலையே துணை. ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் ஒரு பெட்டி. அதற்குள் சட்டகம், மின்கலவடுக்கு, செருகும் அட்டைகள். கித்தூர்ப் பெட்டியின் உறவு முறையை அதில் எளிதிற் காணலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கித்தூரில் ஊரவர் ஒருவர் பெட்டியைத் திறக்கலாம் என்பதே நோக்கமாயிருந்தது. இங்கே பெட்டி பூட்டப்பட்டுள்ளது, திறப்பு கொம்பனியிடம். கரையோர உப்புக்காற்று தொடுமுனைகளை அரிப்பதும், வடகீழ்ப் பருவமழையில் மின்சாரம் நின்று மின்கலம் வற்றுவதும் கோபுரத்தடியில் வாழ்வோரின் கண்முன் நிகழ்பவை; சீர்செய்வோன் வெளியூரிலிருந்து வரவேண்டும்.

பேரலைக்குப் பின்னர் நாட்டளவில் சில பாடங்கள் கற்கப்பட்டன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. லேர்ண் ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் இணைந்து, பேரலையாற் பாதிக்கப்பட்ட 32 ஊர்களில் செய்மதி வானொலி, கைத்தொலைபேசி, தொலைவிலிருந்து ஒலிக்கச் செய்யும் எச்சரிக்கைக் கருவி முதலியவற்றை ஒப்பிட்டுச் சோதித்தன. எச்சரிக்கைக் கோபுரங்களும் கரையோரத்தில் நிறுவப்பட்டன. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகலில் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் கடல் அதிர்ந்தபோது, எச்சரிக்கை இம்முறை இலங்கைக் கரைகளுக்குக் கிடைத்தது. மக்கள் மேட்டுநிலம் நோக்கி விரைந்தனர். எல்லோரும் ஒருங்கே அழைத்தமையால் கைத்தொலைபேசி வலைகள் நெருக்கடியுற்றன. பேரலை எழவில்லை, எச்சரிக்கை அன்றே நீக்கப்பட, மக்கள் வீடு திரும்பினர்.