சாவியும் மிஸ்திரியும்: கொல்கத்தாவின் பழங்கார்களில் ஒரு சிறு பழுதின் வரலாறு

தமிழில் ‘சாவி’, வங்காளியில் ‘சாபி’. இரண்டும் போர்ச்சுக்கீசிய மொழியின் ‘ஷாவே’ என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. தமிழின் ‘மேஸ்திரி’யும் வங்காளியின் ‘மிஸ்திரி’யும் அவ்வாறே ‘மெஸ்த்ரே’ என்ற சொல்லின் வழிவந்தவை. கடல்வழி வந்த இவ்விரு சொற்களும் மீண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பழங்கார் ஒன்றின் சாவி திரும்பியும் எஞ்சின் உயிர்பெறாதபோது கொல்கத்தாவில் தேடப்படுபவர் மிஸ்திரி. அவர் முன் எழும் கேள்வி எளியதாகத் தோன்றும்: இக்னிஷன் சுவிட்சைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

அக்கேள்விக்கு விடை காணுமுன் வண்டியின் காலத்தை அறிந்தாக வேண்டும். தொடக்கக் காலக் கார்கள் பலவற்றில் தீப்பொறிக்கான மின்சாரத்தை மேக்னெட்டோ என்னும் கருவி தானே உண்டாக்கியது. அங்கே சுவிட்சின் வேலை மின்சாரத்தைத் தருவதன்று. அதை வண்டியின் இரும்புச் சட்டத்தில் பாயவிட்டுத் தீப்பொறியை அடக்குவது. ஆகவே சுவிட்சின் கம்பி அறுந்தால் எஞ்சின் நிற்க மறுக்கும். பின்னர் பேட்டரியும் காயிலும் வந்தன. அம்முறையில் சுவிட்ச் மூடினால்தான் மின்சாரம் காயிலுக்குச் செல்லும். கம்பி அறுந்தால் எஞ்சின் கிளம்ப மறுக்கும். ஒரே பழுது, நேரெதிரான இரு விளைவுகள்.

எஞ்சினைக் கிளப்பும் வேலை நெடுங்காலம் சாவியினுடையதாக இல்லை. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் இடம்பெற்றது. அதன்பின்னும் ஸ்டார்ட்டருக்குக் காலால் மிதிக்கும் பொத்தானோ கையால் இழுக்கும் குமிழோ தனியே இருந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டை அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்தது. 1930களின் காரொன்றில் இன்றைய சுவிட்சைப் பொருத்துவது, சோழர் காலக் கல்வெட்டின் நடுவே இருபதாம் நூற்றாண்டுச் சொல்லைச் செதுக்குவதற்கு ஒப்பானது.

பழுதின் இயல்பும் நுட்பமானது. சுவிட்சுக்குள் பித்தளைத் தொடுமுனைகளும் ஒரு சுருள்வில்லும் பேக்கலைட் தளத்தின்மேல் அமைந்திருக்கும். கங்கைக் கழிமுகத்தின் ஈரக்காற்றில் பித்தளையின் முகம் கறுத்துப்போகும், வில்லும் தளரும். மின்தடை சிறிதே கூடும். காயிலுக்கு நான்கு ஆம்பியர் பாயும்போது கால் ஓம் தடை ஏறத்தாழ ஒரு வோல்ட்டை விழுங்கிவிடும். 12 வோல்ட் வண்டிக்கு அது பன்னிரண்டில் ஒரு பங்கு. பழைய 6 வோல்ட் வண்டிக்கோ ஆறில் ஒரு பங்கு. எனவேதான் கார்புரேட்டர், பிளக், காயில் எனப் பலவற்றின்மேல் பழி விழுந்த பிறகே குற்றவாளி சாவித்துளைக்குப் பின்னால் இருப்பது தெரியவரும்.

இனி வரலாறு. 1953இல் சுங்கவரி ஆணையம் தந்த பரிந்துரையை ஒட்டி, உள்நாட்டு உற்பத்தித் திட்டமின்றி வெறுமனே பாகங்களைக் கோத்துவந்த நிறுவனங்களுக்கு இந்தியாவில் இடமில்லாது போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் தத்தம் கூடங்களை மூடின. அவற்றின் கார்கள் மட்டும் சாலைகளில் எஞ்சின. கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடரை உருவாக்கியது. அவ்வுற்பத்தி 2014 மே மாதம்வரை தொடர்ந்தது. சென்னையில் 1961இல் லூக்காஸ் டிவிஎஸ் தோன்றி வாகன மின்கருவிகளை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. ஆயினும் போருக்கு முந்திய பியூக்குக்கோ ஆஸ்டினுக்கோ உரிய சுவிட்சை இறக்குமதி உரிமக் கெடுபிடியின் நடுவே பெறுவது அரிதாயிருந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் மிஸ்திரிகள். பார்க் தெருவும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் கூடுமிடத்திலுள்ள மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை போலவே, பிரித்தெடுத்த வண்டிப் பாகங்களுக்குப் பெயர்பெற்றது. ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றில் உயிர்வாழ்ந்தது. மடித்த தகரத்தை நிமிர்த்திச் சுவிட்சைத் திறப்பது, தொடுமுனையைத் தேய்த்துத் துலக்குவது, வில்லை மாற்றுவது, தேய்ந்த பித்தளையின்மேல் புதியதை ஈயத்தால் பற்றவைப்பது ஆகிய கைவினைகளுக்குப் பாடநூல் இல்லை. குருவிடமிருந்து சீடனுக்குப் பட்டறையிலேயே கைமாறின.

‘தி ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழ் 1968 முதல் கொல்கத்தாவில் நடத்திவரும் பழங்கார் அணிவகுப்பு இவ்வண்டிகளுக்குப் பெருமதிப்பைத் தந்தது. மூலத்தன்மைக்கு அங்கே சிறப்பிடம் உண்டு. ஆனால் எது மூலம்? இங்கிலாந்திலிருந்து வாங்கும் புதிய நகல் சுவிட்ச், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்தைத் தரும். மிஸ்திரி ஒட்டவைத்த பழைய சுவிட்சோ உரிமக் காலத்துத் தட்டுப்பாட்டையும் அதை வென்ற கையையும் தன்னுள் வைத்திருக்கிறது. நகலைப் பொருத்தினால் முன்னது மீளும், பின்னது அழியும்.

1941 ஜனவரி 16ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின் எல்ஜின் சாலை வீட்டிலிருந்து சுபாஷ் சந்திர போஸ் தப்பிச் சென்ற வாண்டரர் காரை நினைத்துப் பார்க்கலாம். அதை ஓட்டியவர் அவருடைய அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ். சீரமைக்கப்பட்ட அவ்வண்டி 2017 ஜனவரியில் நேதாஜி பவனில் குடியரசுத் தலைவரால் திறந்துவைக்கப்பட்டது. அதன் மதிப்பு தொழிற்சாலையில் பிறந்ததன்று. இந்நகரில் அது கடந்த ஓர் இரவில் பிறந்தது. மற்றப் பழங்கார்களுக்கும், சிறிய அளவில், இதுவே பொருந்தும்.

2021இல் நடுவண் அரசு அறிவித்த விதிகள் 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவில் பேணப்பட்ட வண்டிகளைத் தனியாகப் பதிவுசெய்ய வழிவகுத்தன. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்பதே அவற்றின் கவலை. சுவிட்சைப் போன்ற சிற்றுறுப்பின் தலைவிதி உரிமையாளரின் மனசாட்சியைப் பொறுத்தது.

நடுவழி ஒன்று உண்டு. பழைய சுவிட்சைத் துலக்கி அதனிடத்திலேயே விட்டு, மின்சுமையை மறைவான ரிலே ஒன்றுக்கு மாற்றலாம். வேறு வழியின்றி மாற்ற நேர்ந்தால், கழற்றியதை எறியாமல், யார், எப்போது, எதற்காகக் கழற்றினார் என எழுதிய சீட்டுடன் வண்டியிலேயே வைக்கலாம். சிதைந்த ஏட்டைப் படியெடுத்தவுடன் மூல ஏட்டைக் கைவிட்டதால் தமிழ் இழந்தவை பல. படி எத்துணைத் திருத்தமாயினும், ஏட்டில் இருந்த திருத்தக் கோடுகள் அதில் இரா. அணிவகுப்பின் கோப்பைகளில் உரிமையாளர்களின் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. மிஸ்திரியின் கையெழுத்து, சாவித்துளைக்குப் பின்னாலுள்ள அந்த ஈயப்பற்று ஒன்றுதான்.