பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தை மிஸ் பண்ணின மெட்ராஸ் டிரம்மர்!

ஏற்காடு ட்ரிப்புக்கு ப்ளேலிஸ்ட் தேடுறீங்களா? பீட்டில்ஸின் முதல் ஆல்பம் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'-யை ட்ரை பண்ணுங்க. 14 பாட்டு, மொத்தமே சுமார் 32 நிமிஷம்தான். சேலம் அடிவாரத்தில் ஆன் பண்ணினால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஊருக்குள் போறதுக்குள்ள முடிஞ்சுடும். அந்த 14 பாட்டிலும் டிரம்ஸ் வாசிச்சிருக்க வேண்டியவர், மெட்ராஸில் பிறந்த ஒருத்தர். ஆனா, ஒரு பாட்டில்கூட அவர் இல்லை!

யார் அவர்?

பேர் பீட் பெஸ்ட். 1941 நவம்பர் 24-ல் மெட்ராஸில் பிறந்தார். அம்மா மோனா, டெல்லியில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ல் குடும்பமே கப்பலேறி இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போயிடுச்சு. 1959-ல் மோனா தன் வீட்டு அடித்தளத்தில் இளைஞர்களுக்காக 'காஸ்பா காபி கிளப்'பை ஆரம்பிச்சார். திறப்பு விழா அன்னிக்கு வாசிச்ச பசங்க ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன்!

அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் இவங்களுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வாசிக்க சான்ஸ் வந்தது. கையில் டிரம்மர் இல்லை. பீட் சேர்ந்தார். அதுக்கப்புறம் 2 வருஷம், ராத்திரி முழுக்க கிளப்களில் வாசிச்சு வளர்ந்த காலம் முழுக்க அவர்தான் டிரம்மர்.

அந்த ஆகஸ்ட் 16

1962 ஜூன் 6-ல் லண்டன் இ.எம்.ஐ ஸ்டூடியோவில் முதல் ரெக்கார்டிங். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு பீட் வாசிச்சது திருப்தியா இல்லை. 'ரெக்கார்டிங்குக்கு மட்டும் வேற டிரம்மரை வெச்சுக்கலாம்' என்பதுதான் அவர் யோசனை. குழுவை விட்டே அனுப்பச் சொல்லலை. அந்த முடிவை எடுத்தது மற்ற மூணு பேர். ஆகஸ்ட் 16-ல் அதை பீட்கிட்ட சொன்னது மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன். நண்பர்கள் நேரில் வரவே இல்லை.

அவர் இடத்துக்கு ரிங்கோ ஸ்டார் வந்ததும் லிவர்பூல் ரசிகர்கள் கொந்தளிச்சாங்க. அந்தத் தகராறில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு கண் வீங்கினதுதான் மிச்சம்.

ஒரே நாளில் 10 பாட்டு

முதல் 2 சிங்கிள்ஸ் மூலமா 4 பாட்டு ஏற்கெனவே ரெடி. மீதி 10 பாட்டையும் 1963 பிப்ரவரி 11 அன்னிக்கு, காலை 10 மணியிலிருந்து ராத்திரி 10.45-க்குள் ரெக்கார்ட் பண்ணி முடிச்சுட்டாங்க. இப்போ மாதிரி நூறு டிராக் எல்லாம் கிடையாது, 2 டிராக் டேப் மட்டும்தான். ஜானுக்கு அன்னிக்கு சரியான ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டைக் கடைசிக்கு ஒதுக்கி வெச்சாங்க. முதல் டேக்கே ஓகே ஆகிடுச்சு. இரண்டாவது டேக்குக்கு அவர்கிட்ட குரல் மிச்சமில்லை.

மார்ச் 22-ல் ஆல்பம் ரிலீஸ். மே மாதம் பிரிட்டன் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்து, 30 வாரம் அங்கேயே உட்கார்ந்தது. அதை இறக்கினதும் பீட்டில்ஸின் அடுத்த ஆல்பம்தான்!

ஒரு பாட்டு, 3 டிரம்மர்

பீட் நிஜமாவே சுமாரான டிரம்மரா? இதை நீங்களே கேட்டு முடிவு பண்ணலாம். 'லவ் மீ டூ' பாட்டு மூணு பேர் வாசிப்பில் இருக்கு.

* பீட் பெஸ்ட்: 1962 ஜூனில் வாசிச்சது. 'ஆந்தாலஜி 1' தொகுப்பில் இருக்கு. பாட்டின் நடுவில் தாளத்தை மாத்துவார், வேகம் தடுமாறுவது தெரியும்.
* ரிங்கோ ஸ்டார்: செப்டம்பர் 4-ல் வாசிச்சது. முதலில் வந்த சிங்கிளில் இதுதான். இப்போ 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பில் கிடைக்கும்.
* ஆண்டி ஒயிட்: செப்டம்பர் 11-ல் வாசிச்ச ஸ்டூடியோ டிரம்மர். முதல் ஆல்பத்தில் இருப்பது இதுதான்.

ஆமா, ரிங்கோ வாசிச்சதும் ஸ்டூடியோவுக்குப் பிடிக்கலை. ஆண்டி டிரம்ஸ் வாசிக்க, ரிங்கோ கையில் டாம்பரின் கொடுத்து நிக்க வெச்சாங்க. ஆனா ரிங்கோ குழுவிலேயே இருந்தார். ஸ்டூடியோவில் ஒரு நாள் சொதப்பினதுதான் காரணம்னா, ரெண்டு பேருக்கும் ஒரே முடிவு வந்திருக்கணும் இல்லையா?

அப்புறம் பீட்?

1965-ல் அவர் குழுவின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் வந்தது. தலைப்பு 'பெஸ்ட் ஆஃப் தி பீட்டில்ஸ்'. 'பீட்டில்ஸில் இருந்த பெஸ்ட்' என்ற அர்த்தத்தில் வெச்ச பேர்! ஹிட் பாடல் தொகுப்புன்னு நினைச்சு வாங்கினவங்க ஏமாந்தாங்க. ஆல்பம் ஓடலை. பேக்கரியில் பிரெட் லோடு ஏத்தினார். பிறகு அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து, சுமார் 20 வருஷம், வேலை போனவங்களுக்கு வேலை தேடிக்கொடுத்தார். 1988-ல்தான் திரும்ப மேடை ஏறினார்.

1995-ல் வந்த 'ஆந்தாலஜி 1'-ல் அவர் வாசிச்ச 10 பாடல்கள் சேர்ந்தன. விலகி 33 வருஷம் கழிச்சு, நல்ல ராயல்டி கைக்கு வந்தது. அந்த ஆல்பம் அட்டையைக் கூர்ந்து பாருங்க. பழைய குழு போட்டோவில் பீட்டின் முகம் இருந்த இடம் மட்டும் கிழிஞ்சிருக்கும், அங்கே ரிங்கோ முகம் தெரியும்.

2025 ஏப்ரலில், 83 வயதில் மேடைக்கு குட்பை சொன்னார் பீட். ஹெட்போனை மாட்டி அந்த மூணு 'லவ் மீ டூ'-வையும் வரிசையா கேளுங்க. மெட்ராஸ்காரருக்கு உங்க தீர்ப்பு என்ன?