சுழலும் அறை பிறந்த கதை

நந்தனம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அத்தை வீடு. போன மாதம் ஒரு ராத்திரி அங்கே சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, டி.வி.யில் தீம் பார்க் தொழில்நுட்பம் பற்றி ஓர் ஆவணப்படம் ஓடியது. திரையில் ஒரு கூடம். நடுவே ஊஞ்சல் போல இருக்கைகள். ஊஞ்சல் ஆட ஆட வீச்சு கூடி, கடைசியில் உட்கார்ந்திருந்த எல்லாரும் தலைகீழாகப் போய்த் திரும்பினார்கள். அத்தை சோபாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, இவங்கள்லாம் எப்படி விழாம இருக்காங்க?"

"அவங்க சுத்தல அத்தை. ரூம்தான் சுத்துது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இதை நான் எண்பத்தி நாலுலயே பார்த்துட்டேனே! கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பார்த்தோமே, குட்டிச்சாத்தான் படம்!" என்றார்.

அத்தை சொன்னது சரிதான். அந்த ஆவணப்படம் சொல்லாமல் விட்ட பாதி அதில் இருக்கிறது.

சுழலும் அறை பிறந்த இடம் பொருட்காட்சித் திடல். அமெரிக்காவில் 1890-களில் அமரையா லேக் என்பவர் உருவாக்கிய 'பேய் ஊஞ்சல்' 1894-இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கூட்டத்தை இழுத்தது. அறைக்குக் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு, அதில் தொங்கும் ஊஞ்சல். ஆட்கள் ஏறியதும் பணியாளர் லேசாக ஆட்டிவிடுவார். அதோடு ஊஞ்சலின் வேலை முடிந்தது. அதன்பின் வெளியே மறைந்திருப்பவர்கள் அறையையே முன்னும் பின்னும் அசைத்து, கடைசியில் முழுச் சுற்றும் சுற்றிவிடுவார்கள். நாற்காலி முதல் குழந்தை வண்டி வரை அத்தனையும் தரையோடு அறைந்து வைத்தவை. மேஜைமேல் எரிந்த மண்ணெண்ணெய் விளக்குக்குள் இருந்தது மின்சார பல்பு. உண்மையான சுடராக இருந்திருந்தால் அறை சாயும்போது அது நேராக நின்று குட்டை உடைத்திருக்கும். அந்த நுணுக்கத்தை யோசித்தவரை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

நம் காதுக்குள் இருக்கும் திரவம் உடல் அசையவில்லை என்று சொல்கிறது. கண்ணோ அறை சாய்வதைப் பார்த்து உடல்தான் சாய்கிறது என்கிறது. வழக்கு வந்தால் மூளை பெரும்பாலும் கண் பக்கமே தீர்ப்புச் சொல்லும். இயற்பியலாளர் ஆர்.டபிள்யூ. வுட் இந்த ஊஞ்சலில் ஏறிப் பார்த்து 1895-இல் ஓர் உளவியல் இதழில் அந்த அனுபவத்தை எழுதினார்.

பிறகு சினிமா இதை எடுத்துக்கொண்டது. 1951-இல் 'ராயல் வெட்டிங்' படத்தில் ஃபிரெட் அஸ்டேர் சுவரிலும் கூரையிலும் ஆடினார். 1968-இல் வந்த தன் விண்வெளிப் படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக் பிரம்மாண்டமான சக்கரமே கட்டினார். அங்கிருந்து அறை கொச்சிக்கு வந்தது.

கொச்சியை ஒட்டிய திருக்காக்கரையில் நவோதயா அப்பச்சனின் ஸ்டூடியோ. 1982-இல் 'படயோட்டம்' என்ற 70 எம்.எம். படம் எடுத்த கை, அடுத்து இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தொட்டது: அத்தை சொன்ன அதே குட்டிச்சாத்தான் படம். அப்பச்சனின் மகன் ஜிஜோ இயக்கம், அசோக்குமார் ஒளிப்பதிவு, இளையராஜா இசை. சாத்தானும் குழந்தைகளும் ஒரு பாட்டில் சுவரேறி, கூரையில் நடந்து, மறுசுவர் வழியாக இறங்க வேண்டும். கிராபிக்ஸ் இல்லாத காலம். கலை இயக்குநர் கே. சேகர் வரைந்து கொடுக்க, கேரள அரசின் 'சில்க்' எஃகு நிறுவனம் 25 டன் எடையில் ஓர் எஃகுக் கூட்டைச் செய்தது. அதற்குள் அறை.

அந்தக் கூட்டைச் சுழற்ற மோட்டார் வைக்கவில்லை. பக்கத்துக்கு ஆறு பேர் நின்று கையால் தள்ளினார்கள். 25 டன்னைப் பன்னிரண்டு பேரா என்று மலைக்க வேண்டாம். எடை அச்சைச் சுற்றிச் சமமாகப் பங்கிடப்பட்டிருந்தால், தள்ளுபவர் ஜெயிக்க வேண்டியது உராய்வையும், ஓய்ந்து நிற்பது ஓட மறுக்கும் அந்த முரண்டையும்தான். நம் ஊர்த் திருவிழா ராட்டினக்காரருக்கு இது கைவந்த பாடம். அவர் ஒரு தொட்டியில் ஆளை ஏற்றினால் உடனே எதிர்த்தொட்டியைக் கீழே கொண்டுவந்து அதில் ஆள் ஏற்றுவார். வரிசையில் நிற்கும் நமக்கு அது பொறுமையைச் சோதிக்கும் வேலை, அவருக்கு எடைக்கணக்கு.

1984 ஆகஸ்டில் படம் வந்தது. கூட்டம் அலைமோதும்போதே, கண்ணாடி வழியாக 'மெட்ராஸ் ஐ' பரவுகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. கண்வலிக்கு நம் ஊர்ப் பெயர்! கண்ணாடிகள் சுத்திகரிக்கப்படுகின்றன என்று பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ரஜினிகாந்த் போன்றவர்களைத் திரையில் தோன்றிச் சொல்லவைத்துத்தான் வதந்தியை அடக்கினார்கள்.

இதன்பின் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1995-இல் அதே அப்பச்சன் தாம்பரத்தில் 120 ஏக்கரில் 'கிஷ்கிந்தா' பூங்காவைத் திறந்தார். அதை உருவாக்கும் வேலையில் ஜிஜோவும் சேகரும் இறங்கியிருந்தார்கள். நூறாண்டுக்கு முன் பொருட்காட்சியில் பிறந்து, பிறகு சினிமாவுக்குப் போன கலை, சினிமாக்காரர்கள் கையாலேயே திடலுக்குத் திரும்பியது. நந்தனம் சிக்னலிலிருந்து பஸ் பிடித்து நாங்கள் பள்ளிச் சுற்றுலா போனது இந்த வித்தைக்காரர்கள் வீட்டுக்குத்தான் என்பது அப்போது தெரியாது. தண்ணீரில் நனைந்த சீருடைதான் ஞாபகம்.

அமெரிக்காவிலும் கதை இப்படித்தான். வால்ட் டிஸ்னி படக்காரர். பூங்கா கட்டப் பணம் போதாமல் ஏ.பி.சி. தொலைக்காட்சியோடு ஒப்பந்தம் போட்டார்: அவர்கள் முதலீடு செய்வார்கள், இவர் வாராவாரம் நிகழ்ச்சி தருவார். 1954 அக்டோபரில் நிகழ்ச்சி தொடங்கியது. பூங்கா திறந்தது 1955 ஜூலையில். கட்டி முடிப்பதற்கு முன்பே அதைப் பற்றி டி.வி. பேச ஆரம்பித்துவிட்டது. அத்தையும் நானும் அன்றிரவு பார்த்தது அந்தப் பரம்பரையில் வந்த ஒரு பிள்ளை.

ஆனால் சினிமாக்காரர் பூங்கா கட்ட வரும்போது ஒன்றைப் புதிதாகக் கற்றாக வேண்டும். படத்தில் ஏமாற வேண்டியது ஒரே ஒரு கேமரா. எந்தக் கோணத்தில் வைக்கிறோமோ அங்கிருந்துதான் அது பார்க்கும். சரியில்லை என்றால் இன்னொரு டேக். கூரையில் நடந்த அந்தக் குட்டிச்சாத்தான் பாட்டுக்கே 14 நாள் ஆனது. பூங்காவில் அப்படி முடியாது. வருகிறவர்களில் குட்டை, நெட்டை, ஒல்லி, பருமன் எல்லாம் உண்டு. நினைத்த பக்கம் திரும்புவார்கள். ஒவ்வொரு தடவையும் முதல் டேக்கிலேயே சரியாக வர வேண்டும், ஒருவர்மேலும் கீறல் படக்கூடாது.

ஆவணப்படம் முடிந்து விளம்பரம் ஓடியது.

"அந்தப் புள்ளைங்க கூரையில நடந்துச்சே, அதுங்களுக்குத் தலை சுத்தியிருக்காது?" என்று கேட்டார் அத்தை.

"அதுங்க தரையிலதான் நடந்துச்சு அத்தை. சுவர் கீழ வரும்போது சுவர்ல, கூரை கீழ வரும்போது கூரையில. கேமராவை ரூமோட சேர்த்துப் பொருத்தியிருந்தாங்க. தலைகீழா தொங்கினது அது மட்டும்தான்."

சோபாவின் கையை அத்தை அப்போதுதான் விட்டார்.