மூடும் அடுக்கும் தாமதிக்கும் அடுக்கும்

நீர் எளிதில் ஊடுருவாத களி அடுக்குகளைச் சுட்ட நிலத்தடி நீரியலில் இரு சொற்கள் வழங்குகின்றன. 'அக்விக்ளூட்' என்பதன் இலத்தீன் வேர் 'மூடு' என்னும் பொருளுடையது. 'அக்விடார்ட்' என்பதன் வேர் 'மெதுவான' என்னும் பொருளுடையது. முதற்சொல்லின் பார்வையிலிருந்து இரண்டாம் சொல்லின் பார்வைக்கு ஒரு துறை நகர்ந்தபோது, கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கான விடையும் மாறியது.

1880-களில் அமெரிக்காவின் டகோட்டா சமவெளியில் ஆழ்துளையிட்ட குடியேறிகள், நீர் தானே பீறிட்டு எழுவதைக் கண்டனர். அந்த மணற்பாறையை ஆராய்ந்த நெல்சன் ஹோரேஷியோ டார்ட்டன் தந்த விளக்கம் எளிமையானது. மேற்கே பிளாக் ஹில்ஸ் மலையோரத்தில் பாறை வெளித்தெரியும் இடங்களில் நீர் உட்புகுகிறது. மேலே கிடக்கும் தடித்த களிப்பாறை மூடியாக நிற்க, அது நெடுந்தொலைவு கிழக்கே செல்கிறது. இவ்விளக்கத்தில் களிப்பாறைக்கு மூடியாக இருப்பதைத் தவிர வேறு பணி இல்லை.

கிணறுகள் பெருகின, அழுத்தம் குறைந்தது. வடக்கு டகோட்டாவை ஆராய்ந்த மைன்சரும் ஹார்டும், வெளியேறும் நீர் பாறை வழியே வந்து சேரக்கூடிய நீரைவிட அதிகம் என்று 1925இல் எழுதினர். மணற்பாறையே சிறிது சுருங்கித் தன் சேமிப்பிலிருந்து நீரைத் தருகிறது என்பது அவர்கள் கண்ட விடை. 1935இல் வெளிவந்த தைஸின் சமன்பாடு இச்சேமிப்பைக் கணக்கில் கொண்டது. ஆயினும் அதிலும் மேலடுக்கும் கீழடுக்கும் நீர் புகாச் சுவர்களே.

அச்சுவரில் கசிவை அனுமதித்தவர் ஜேக்கப். 1946இல் அவர் தொடங்கிய பணியை, 1955இல் ஈராக்கில் பிறந்த மஹ்தி ஹந்துஷுடன் இணைந்து விரிவாக்கினார். களி அடுக்கின் இருபுறத்து நீரழுத்த வேறுபாட்டிற்கு ஏற்ப நீர் கசியும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் அந்த அடுக்கு வழிவிடுமே தவிர, தன்னிடமிருந்து எதையும் தராது. களியும் தன் சேமிப்பிலிருந்து நீரை விடுவிக்கும் என்பதை ஹந்துஷ் 1960இல் சமன்பாட்டிற்குள் கொணர்ந்தார்.

1980-களில் கணினி மாதிரிகள் பரவியபோது பழைய எளிமை திரும்பியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் மோட்ஃப்ளோ நிரலில், களி அடுக்கைத் தனி அடுக்காக அமைக்காமல், இரு நீர்த்தாங்கிகளுக்கு இடையிலான செங்குத்துக் கடத்துதிறன் என்னும் ஒற்றை எண்ணாகக் குறிக்க முடிந்தது. நினைவகம் அருமையாக இருந்த காலத்தில் இது பயனுள்ள சுருக்கம். நீரோட்டம் நிலைபெற்ற சூழலில் போதுமானதும்கூட. ஆனால் அழுத்த மாற்றம் களியைக் கடக்க எடுக்கும் காலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். அக்காலம் முழுவதும் களி விடுவிக்கும் நீருக்கு ஒற்றை எண்ணில் இடமில்லை. மாதிரியை அளவீடுகளோடு பொருத்தும்போது அந்த நீர் வேறொரு கணக்கில் பிழையாகப் போய்ச் சேரும்.

டகோட்டாவையே மீண்டும் எடுத்துக்கொண்ட பிரெடஹூஃப்ட், நியூசில், மில்லி ஆகியோரின் 1983ஆம் ஆண்டு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கிணறுகள் எடுத்த நீரில் பெரும்பங்கு களிப்பாறையின் சேமிப்பிலிருந்து வந்திருந்தது. மேலும், வட்டார அளவில் களிப்பாறையின் கடத்துதிறன் ஆய்வகத்தில் அளந்ததைவிடப் பல மடங்கு மிகுதி. சிறு மாதிரித்துண்டில் அகப்படாத விரிசல்கள் அதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். 2017இல் வந்த மோட்ஃப்ளோ 6, அந்த ஒற்றை எண் முறையையே கைவிட்டது.

இச்சிக்கல் இந்தியாவில் வங்காளப் படுகையில் உயிர்ப்பிரச்சினையாகிறது. அங்கே ஆர்செனிக் பெரும்பாலும் ஆழமற்ற நீரில் உள்ளது. ஆழ்நீர் பெரிதும் தூயது. இடையில் படுகை முழுதும் தொடரும் களி அடுக்கு இல்லை. துண்டு துண்டான களித்திட்டுகளே உள்ளன. ஹாலி மைக்கேலும் கிளிஃபர்டு வோஸும் 2008இல் அத்திட்டுகளைத் தனித்தனியே வரையாமல், அவற்றின் கூட்டு விளைவை ஒரு விகிதமாகக் குறித்தனர்: கிடைமட்டக் கடத்துதிறன் செங்குத்துத் திறனைப்போல் 10,000 மடங்கு. ஆழ்நீரை வீட்டுத் தேவைக்கு மட்டும் எடுத்தால் பெரும்பகுதி நெடுங்காலம் பாதுகாப்பாக இருக்கும். பாசனத்துக்கும் ஆழத்திலிருந்து இறைத்தால் மாசு கீழிறங்கும் என்று அந்த மாதிரி காட்டியது.

ஆகவே 'களி காக்கும்' என்று ஓர் அறிக்கை கூறும்போது, எத்தனை காலம், எவ்வளவு இறைப்புக்கு என்ற கேள்விகள் எழ வேண்டும். 'மூடும்' என்ற சொல் அவற்றுக்கு இடம் தருவதில்லை; 'தாமதிக்கும்' என்ற சொல்லால் அவற்றைத் தவிர்க்க இயலாது.